மாவனல்லை: ரோட்டுக்கு முந்திய ஊர்

இலங்கை முஸ்லிம்களின் வரலாற்றை யார் எழுதத் தொடங்கினாலும் முதல் பக்கத்திலேயே ஒரு கப்பல் வந்துவிடும். அரபு நாட்டுக் கப்பல், பேருவளைக் கரை, கறுவா, ஏலம், மாணிக்கம். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சோனகர் இனத்தால் தமிழரே என்று பொன்னம்பலம் இராமநாதன் 1888-இல் வாதிட்டார். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907-இல் அதற்கு மறுப்பு எழுதினார். சட்டநிருபண சபையில் யாருக்கு யார் பேசுவது என்பது அன்றைய உயிர்ப் பிரச்சினை. நாங்கள் வேறு ஆக்கள் என்று நிறுவ அந்தக் கப்பல் தேவைப்பட்டது. அஸீஸைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்தக் கப்பலில் ஏற முடியாத ஊர்கள் எங்களிடம் நிறைய இருக்கின்றன. அவற்றில் ஒன்று மாவனல்லை.

கொழும்பிலிருந்து கண்டி வீதியில் ஏறத்தாழ 90 கிலோமீற்றர். கேகாலையைத் தாண்டி, உத்துவான்கந்தைக் குன்றைத் தாண்டி வந்தால் மஹா ஓயாவின் கரையில் இந்தப் பட்டணம். அதற்கப்பால் ஹிங்குல, கணேத்தன்ன, பிறகு கடுகன்னாவை ஏற்றம். ஒரு பக்கம் ரம்புக்கனைக்கும், மறுபக்கம் அரநாயக்கவுக்கும் ஹெம்மாதகமவுக்கும் பாதைகள் பிரிகின்றன. பஸ்ஸில் போகிறவர் காண்பதெல்லாம் ரோட்டின் இரு பக்கமும் நெருக்கியடித்த கடைகளைத்தான். புடவைக் கடை, இரும்புக் கடை, சாப்பாட்டுக் கடை, நகைக் கடை. போர்டுகளில் முஸ்லிம் பெயர்கள். ஆகவே "யாவாரத்துக்கு வந்த ஆக்கள்" என்று அவர் முடிவு கட்டிவிடுவார். சிங்கள அயலவர் மட்டும் அப்படி நினைப்பதில்லை. எங்கட ஆக்களே அப்படித்தான் நினைக்கிறார்கள். இந்தக் கட்டுரையை நான் எழுதுவது அந்த முடிவோடு சண்டை பிடிப்பதற்காகத்தான். மாவனல்லை முஸ்லிம் முதலில் கிராமத்து ஆள், காணிக்காரன். ரோடுதான் அவனைக் கடைக்காரனாக்கியது. அவனுடைய பின்னைய சோதனைகள் பலதும் அந்தக் கடை வாசலில்தான் நடந்தன.

பட்டணத்தை விட்டு உள்ளே போனால் கதை மாறும். உயன்வத்தை, கிருங்கதெனிய, ஹிங்குல, தனாகம, தெல்கஹகொட, கொஞ்சம் தள்ளி ஹெம்மாதகம. இவையெல்லாம் பள்ளிவாசலைச் சுற்றிய கிராமங்கள். இங்கே பழைய குடும்பங்களின் காணி உறுதிகளை வாசித்துப் பாருங்கள். உறுதியின் சொந்தக்காரர் பெயர் லெப்பையாகவோ மரைக்காராகவோ இருக்கும். காணியின் பெயரோ ஏதோவொரு கும்புர, ஏதோவொரு வத்த, ஏதோவொரு ஹேன. வயலும் தோட்டமும் சேனையும் சிங்களப் பெயரோடுதான் பரம்பரை பரம்பரையாகக் கைமாறுகின்றன. வெறும் வியாபாரத்துக்கு வந்து நின்றவனுக்கு வயலின் பெயர் எதற்கு?

கண்டி இராச்சிய முஸ்லிம்களுக்கு வாசகமப் பெயர்களும் இருந்தன. வெதராலலாகே, முஹந்திரம்லாகே என்று முன்னால் வரும் அந்தப் பெயர்கள் ஒரு காலத்தில் அரச சேவையின் அடையாளங்கள். லோனா தேவராஜா 1994-இல் வெளியிட்ட இலங்கை முஸ்லிம்கள் பற்றிய நூலில் இந்தப் பெயர்களையும் அவற்றின் பின்னாலிருந்த சேவைகளையும் விரிவாகப் பேசுகிறார். ஒரு சிங்கள பௌத்தப் பெண் ஆய்வாளர் அந்த வேலையைச் செய்த பிறகுதான் எங்களில் பலர் வீட்டுப் பெட்டிகளைத் திறந்து பார்த்தோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கேகாலை மாவட்டத்துக் கெட்டபெரியவின் கோபால குடும்பம் அதற்கு நல்ல உதாரணம். அவர்கள் கண்டி அரசர்களுக்கு வைத்தியம் பார்த்த முஸ்லிம்கள். பெயர் 'கோபால', தொழில் வைத்தியம், மார்க்கம் இஸ்லாம். கப்பல் கதையை வைத்துக்கொண்டு இந்தக் குடும்பத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

போர்த்துக்கேயர் 1626-இல் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது செனரத் மன்னன் கண்டி இராச்சியத்தில் இடம் கொடுத்தான். இது எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. அதற்குப் பின் என்ன நடந்தது என்பதுதான் எங்களுக்கு முக்கியம். அரசன் சும்மா இடம் கொடுப்பதில்லை. காணி கொடுத்தால் சேவை வேண்டும். அதுதான் இராஜகாரியம். முஸ்லிம்களுக்கு விழுந்த பெரிய சேவை தவளம். பொதி மாடுகள் வரிசையாகப் போகும். பாக்கு, மிளகு, நெல் கீழே இறங்கும். உப்பு, கருவாடு, புடவை மேலே ஏறும். அரசனுடைய போக்குவரத்துத் திணைக்களமான மடிகே பத்தவில் முஸ்லிம்களே முக்கியமான ஆட்கள். கண்டியில் கைதியாக இருந்த றொபேர்ட் நொக்ஸ் தன் 1681-ஆம் ஆண்டு நூலில், கண்டி நகரில் சோனகருக்கு ஒரு பள்ளிவாசல் இருந்ததையும், அதற்காக வீடு வீடாகப் போய்ப் பணம் பெறும் உரிமையை முந்திய அரசன் ஒருவன் கொடுத்திருந்ததையும் எழுதியிருக்கிறார். பௌத்த அரசன் பள்ளிவாசலுக்குக் கொடுத்த உரிமை அது.

கொழும்புக் கரைக்கும் கண்டிக்கும் நடுவில், மலை ஏறத் தொடங்கும் இடத்தில் தவளக்காரன் குடியிருப்பதில் ஆச்சரியம் இல்லை. மாட்டுக்குத் தண்ணீரும் புல்லும் வேண்டும். ஏற்றத்துக்கு முன்னால் ஓர் இரவு தங்க வேண்டும். மஹா ஓயாவின் கரை அதற்குத் தோதான இடம்.

1815-இல் கண்டி வீழ்ந்தது. ஊரைத் தலைகீழாக்கிய வருஷம் அதுவல்ல, 1832. தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் 1820-களில் தொடங்கிய கொழும்பு – கண்டி வீதி அப்போது முடிந்திருந்தது. வீதியை வகுத்த கப்டன் டோசன் அதை முழுசாகப் பார்க்காமலே 1829-இல் இறந்துபோனார். அவருடைய நினைவுக் கோபுரம் கடுகன்னாவையில் இன்றும் நிற்கிறது. 1832-இல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே தபால் குதிரை வண்டி ஓடத் தொடங்கியது. அதே வருஷம்தான் கோல்புறூக் ஆணைக்குழுவைத் தொடர்ந்து இராஜகாரியம் ஒழிக்கப்பட்டது. மஹா ஓயாவின் மேல் மாவனல்லையில் செங்கல் வளைவுப் பாலம் எழும்பியதும் இந்தக் காலத்தில்தான்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு பக்கம் தவளக்காரனின் சேவை சட்டப்படி இல்லாமல் போகிறது. மறுபக்கம் அவன் வீட்டு வாசலால் நாட்டிலேயே பெரிய ரோடு போகிறது. பொதி மாட்டை விட்டவன் கரத்தையைப் பிடித்தான். கரத்தை நின்ற இடத்தில் கடை வந்தது. பஜார் என்று நாங்கள் சொல்கிற மாவனல்லை இப்படித்தான் பிறந்தது. அது கிராமத்தின் பிள்ளை. இப்போதோ பிள்ளையை வைத்துத் தாயை அடையாளம் காண்கிறார்கள்.

1840-இல் முடிக்குரிய காணிச் சட்டம் வந்தது. உறுதி காட்ட முடியாத சேனையும் காடும் அரசாங்கத்துக்கு என்று ஆனது. கோப்பித் தோட்டங்களுக்கு நிலம் அப்படித்தான் கிடைத்தது. சேனை இழந்தவர்கள் என்றால் சிங்கள விவசாயிகள் என்று மட்டுமே எழுதுவது வழக்கம். 'ஹேன' என்று முடியும் காணிகளை வைத்திருந்த முஸ்லிம் குடும்பங்களும் அதே சட்டத்தின் கீழ்தான் இருந்தன. சட்டத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. 1806-ஆம் ஆண்டு முஹம்மதியச் சட்டக் கோவை கண்டிப் பிரதேச முஸ்லிம்களுக்கு விரிவுபடுத்தப்பட்டது 1852-இல்தான். அதுவரை கொழும்பு முஸ்லிமுக்கு இருந்த அந்த எழுத்துச் சட்டம் மாவனல்லை முஸ்லிமுக்கு இல்லை. வாரிசுரிமையில் எங்கட ஊர்களுக்கும் கரையோர ஊர்களுக்கும் உள்ள பழைய பழக்க வித்தியாசங்களைத் தேடுகிறவர்கள் இந்த 46 வருஷ இடைவெளியிலிருந்து தொடங்கலாம்.

கோப்பி கண்டி மலையிலிருந்து கொழும்புத் துறைமுகத்துக்கு இறங்கியதெல்லாம் இந்த ரோட்டால்தான். கரத்தைகள் இரவு பகலாகப் போயின. காசு போகிற வழியில் கள்ளனும் வருவான். உத்துவான்கந்தை சரதியேலின் கதை இலங்கையில் தெரியாத ஆள் இல்லை. இல்லாதவனுக்குக் கொடுத்தான் என்ற புகழோடு சிங்களத்தில் அவன் ஒரு வீரன். அவனுடைய நெருங்கிய கூட்டாளி மாவனல்லைச் சோனகன் மம்மலே மரைக்கார். 1864 மார்ச் 21-ஆந் திகதி மாவனல்லையில் ஒரு வீட்டில் இருவரையும் பொலிஸ் வளைத்தது. கேகாலை உதவி அரசாங்க அதிபர் சோண்டர்ஸ் ஆட்களோடு வந்திருந்தார். மம்மலே மரைக்காரின் துப்பாக்கிச் சூட்டில் கொன்ஸ்டபிள் ஸபான் விழுந்தார். ஸபான் மலாய் முஸ்லிம். கடமையில் உயிர் கொடுத்த முதல் பொலிஸ்காரராக அவரை நினைத்துத்தான் மார்ச் 21-ஐப் பொலிஸ் வீரர் தினமாக இன்றும் அனுஷ்டிக்கிறார்கள். சரதியேலும் மம்மலே மரைக்காரும் மே 7-ஆந் திகதி கண்டியில் தூக்கிலிடப்பட்டார்கள்.

இந்தக் கதையை எங்கட ஆக்கள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். சிலர் மம்மலேயின் பெயரை வெட்கத்தோடு விழுங்கிவிடுகிறார்கள். சிலர் சிங்களவனுக்கும் முஸ்லிமுக்கும் இருந்த நட்புக்கு அவனை உதாரணமாகத் தூக்கிப் பிடிக்கிறார்கள். கொள்ளைக்காரனை ஒற்றுமைச் சின்னமாக்குவது எனக்கு அவ்வளவு ஒத்துவரவில்லை. எனக்கு அந்தச் சம்பவத்தில் வேறொன்று தெரிகிறது. சுட்டவன் முஸ்லிம், செத்தவர் முஸ்லிம், கூட்டாளி சிங்களவன், வளைத்தது வெள்ளைக்கார அதிகாரி. 1864-இல் இந்த ரோட்டில் யார் எந்தப் பக்கம் என்பதை இனம் தீர்மானிக்கவில்லை. ஐம்பது வருஷத்துக்குள் அது மாறிவிட்டது.

அதற்கு முன் ரயில் வந்தது. 1867-இல் புகையிரதம் கண்டியைத் தொட்டது. பாதை ரம்புக்கனை வழியாக அலகல்லை மலையைச் சுற்றி ஏறியது, மாவனல்லைக்கு வரவில்லை. கோப்பி ரயிலேறியது, கரத்தைகள் குறைந்தன. 1869-இல் கோப்பி இலை நோயும் தொடங்கியது. ரோட்டை நம்பி வளர்ந்த பட்டணத்துக்கு இது சின்ன அடியல்ல. ஆனாலும் ஊர் அழியவில்லை. கிராமத்தில் வயல் இருந்தது, பாக்கும் தேங்காயும் மிளகும் இருந்தன. அடுத்த நூற்றாண்டில் கேகாலை மாவட்டத்தில் றப்பர் வந்தபோது பஜாருக்குப் புது உயிர் வந்தது. தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர், சுற்றிலும் சிங்களக் கிராமங்கள், நடுவில் இரண்டு பாஷையும் பேசக்கூடிய முஸ்லிம் கடைக்காரன். மாவனல்லைத் தமிழைக் கேட்டவர்களுக்கு இது விளங்கும். "ஈக்குது", "செல்லுது" என்று போகும் பேச்சு. தமிழ் நாட்டான் திகைப்பான், யாழ்ப்பாணத்தான் சிரிப்பான். வீட்டுக்குள் தமிழ், வயலில் சிங்களம், ஓதப் போனால் அரபு. இதில் எது இரவல், எது சொந்தம் என்று பிரிக்கப் போகிறவர் களைத்துப் போவார்.

1889-இல் கேகாலையையும் இரத்தினபுரியையும் சேர்த்துச் சப்ரகமுவ மாகாணம் உண்டாக்கப்பட்டது. இரண்டு மாவட்ட முஸ்லிம்களின் கதையும் ஒன்று என்று அதனால் நினைக்கக்கூடாது. இரத்தினபுரியில் மாணிக்கக் கல்லும் பேருவளைத் தொடர்பும் உண்டு. பலாங்கொடைப் பக்கம் ஜெய்லானி உண்டு. அவற்றை வேறு ஆட்கள் எழுதட்டும்.

1915 மே 28 இரவு கண்டி காசல் ஹில் வீதிப் பள்ளிவாசலுக்கு முன்னால் வெசாக் ஊர்வலத்தோடு தொடங்கிய கலவரம் சில நாட்களில் மலைநாட்டிலிருந்து கேகாலை மாவட்டத்துக்குள்ளும் கொழும்புக்கும் இறங்கியது. சப்ரகமுவவும் இராணுவச் சட்டத்தின் கீழ் வந்தது. நாடு முழுதும் கொள்ளையடிக்கப்பட்ட கடைகள் 4,075 என்றும், எரிக்கப்பட்ட பள்ளிவாசல்கள் 17, சேதமாக்கப்பட்டவை 86 என்றும் அரசாங்கக் கணக்கு. அந்தக் கோபம் கரையோரச் சோனகர் மேல், அதாவது தென்னிந்தியாவிலிருந்து வந்து கடை போட்டவர்கள் மேல் வந்த கோபம் என்று சொல்வது வழக்கம். அமீர் அலி 1981-இல் எழுதிய கட்டுரை உட்பட, காரணங்களைப் பற்றி நல்ல ஆய்வுகள் உள்ளன. நான் கேட்பது ஒரு சின்னக் கேள்வி. கல்லெறிகிறவன் கடை போர்டைப் பார்த்து, இவன் காயல்பட்டினத்திலிருந்து நேற்று வந்தவனா, இவனுடைய முப்பாட்டன் அரசனுக்குத் தவளம் ஓட்டியவனா என்று விசாரிப்பானா? விசாரிக்க மாட்டான். ரோட்டில் தெரிவது கடை மட்டும்தான். 'ஹேன' என்று எழுதிய உறுதி வீட்டுப் பெட்டிக்குள் கிடக்கிறது. எங்கட பெரியவர்கள் சபையிலும் பத்திரிகையிலும் அரபுக் கப்பலைக் காட்டிக்கொண்டிருந்த காலத்தில், அந்தக் கப்பலே "நீ வெளியிலிருந்து வந்தவன்" என்று சொல்பவனுக்கும் சாட்சியாகிவிட்டது. இதை யாராவது அப்போது யோசித்தார்களா என்பது என் மனதை அரிக்கிற கேள்வி.

2001 எங்கள் எல்லோருக்கும் ஞாபகமிருக்கிறது. ஏப்ரல் கடைசியில் ஒரு முஸ்லிம் கடையில் சிங்களச் சண்டியர் சிலர் கப்பம் கேட்டார்கள். கொடுக்க மறுத்தபோது கடை ஆளைத் தாக்கினார்கள். ஆளைப் பிடிக்கச் சொல்லி ஊர் கேட்டது. பிடிக்கவில்லை. முஸ்லிம்கள் வீதிக்கு வந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். மே 2-ஆந் திகதி பெருங்கூட்டம் பஜாருக்குள் இறங்கியது. கடை வரிசைகள் எரிந்தன, வீடுகள் எரிந்தன, பள்ளிவாசலும் தப்பவில்லை. செய்தி போன வேகத்தில், அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் கொழும்பில் ஆர்ப்பாட்டங்கள் நடந்தன, ஊரடங்குச் சட்டம் போட்டார்கள்.

அந்தக் கலவரத்தைப் பற்றிப் பிறகு எழுதப்பட்டவை பெரும்பாலும் அரசியல். எந்த அமைச்சர் என்ன சொன்னார், எந்தக் கட்சி எப்போது அரசாங்கத்தை விட்டது. ஊரின் நிலத்தைப் பார்த்து எழுதியவை மிகக் குறைவு. நிலத்தைப் பார்த்தால் ஒன்று தெரியும். சேதத்தின் கனம் ரோட்டோரத்தில். 1832-இல் ஊரை வளர்த்த அதே ரோட்டோரம். சண்டியர் கப்பம் கேட்க வயலுக்குப் போகவில்லை. கல்லாப் பெட்டி இருக்கிற இடத்துக்குத்தான் வந்தார்கள். ஊரின் சொத்து முழுவதும் ஒரு மைல் ரோட்டில் குவிந்திருப்பது எவ்வளவு பெரிய பலவீனம் என்று அந்த ஒரு நாள் காட்டியது. திரும்பக் கட்டினார்கள். அதே இடத்தில், முன்னையதை விட ஒரு மாடி கூட்டி.

2018 டிசம்பர் 25 இரவும் மறுநாள் அதிகாலையும் மாவனல்லைப் பக்கத்தில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டன. இந்த முறை கைதானவர்கள் எங்கட பிள்ளைகள். அதன் விசாரணை 2019 ஜனவரியில் புத்தளம் வனாத்தவில்லுவில் ஒரு தென்னந்தோட்டத்து வெடிபொருள் வரைக்கும் போனது. பொலிஸுக்கு உதவிய ஓர் ஊர் முஸ்லிமை மார்ச் மாதம் அவருடைய சொந்த வீட்டிலேயே சுட்டார்கள். ஏப்ரல் 21-இல் என்ன நடந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. உலகப் பத்திரிகைகளில் மாவனல்லை என்ற பெயர் வந்தது அப்படித்தான்.

அந்த வாரங்களில் நான் திரும்பத் திரும்ப யோசித்தது ஒன்று. சிலையை உடைத்த பையன்கள் வளர்ந்த மண்ணில், முஸ்லிம் வைத்தியன் பௌத்த அரசனின் நாடி பிடித்துப் பார்த்திருக்கிறான். அவர்களுக்கு யார் அதைச் சொல்லிக் கொடுத்தது? பாடசாலைப் புத்தகத்தில் அது இல்லை. மத்ரஸாவிலும் இல்லை. சமூகத்தின் வரலாறு என்று அவர்கள் கேட்டதெல்லாம் கப்பல், பிறகு கடை, பிறகு கலவரம். காணியும் சேவையும் அயலும் அதில் இல்லை. இதுதான் முழுக் காரணம் என்று நான் சொல்லவில்லை. அந்தக் காரணங்களை விசாரிக்க ஆணைக்குழுக்கள் இருந்தன. ஆனால் சொந்த ஊரில் தான் யார் என்று தெரியாத பையனிடம், நீ வேறெங்கோ உள்ளவன் என்று சொல்வது லேசு. அதைப் பேரினவாதியும் சொல்லலாம், வெளிநாட்டுப் பிரசாரகனும் சொல்லலாம்.

இரண்டு பேருக்கும் பதில் வீட்டுப் பெட்டிகளில் இருக்கிறது. பழைய உறுதிகள், பள்ளிவாசல் விவாகப் பதிவேடுகள், மையவாடிக் கணக்குகள், வைத்திய ஏடுகள். 2001-இல் வீடு எரிந்தபோது சாமானோடு இவையும் எத்தனை எரிந்தனவோ. மிச்சமிருப்பவற்றை மழையும் கறையானும் பார்த்துக்கொண்டிருக்கின்றன. பாகப்பிரிவினை வழக்குக்காக உறுதி தேடும்போது மட்டும் பெட்டியைத் திறக்கிறோம். வழக்கு முடிந்தால் கடதாசி நொத்தாரிசு வீட்டிலேயே தங்கிவிடும். ஊருக்கு ஒருவர், கையில் இருக்கிற போனை வைத்துப் படம் பிடித்தால்கூட ஒரு சுவடிக்கூடத்துக்கான ஆரம்பம் ஆகிவிடும். மாவனல்லை ஸாஹிரா, பதுரியா போன்ற பாடசாலைகளின் உயர்தர மாணவர்களுக்கு இதைவிட நல்ல வரலாற்றுப் பயிற்சி வேறு என்ன?

ரோடு மறுபடியும் விலகப் போகிறது. மத்திய அதிவேக வீதியின் மீரிகமை – குருநாகல் பகுதி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. கண்டிப் பக்கம் போகும் கிளையைப் பொத்துஹெரயிலிருந்து ரம்புக்கனை வழியாகக் கலகெதரைக்குக் கொண்டுபோவதாகத் திட்டம். 1867-இல் ரயில் விலகிய அதே ரம்புக்கனைப் பக்கம். கண்டிக்குப் போகிற வாகனம் செங்கல் பாலத்தைத் தாண்டாமல், மாவனல்லையில் தேநீருக்கு நிற்காமல் போய்விடும். பஜார்க் கடைக்காரர்கள் சிலர் இப்போதே கணக்குப் பார்க்கிறார்கள்.